தாமாக மீள்பவர்கள்

குடியிலிருந்தும் பிற போதைகளிலிருந்தும் மருத்துவமனைக்கோ மறுவாழ்வு இல்லத்துக்கோ போகாமல் மீள்வதுதான் மனிதர்கள் மீளும் வழிகளில் மிகப் பரவலானது. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. சிகிச்சை பெற்றவரைப் பற்றிப் பதிவேடு இருக்கும், மருத்துவர் இருப்பார், எண்ணிக்கை இருக்கும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நடுங்கும் கையோடு ஒரு வாரத்தைக் கடந்து, பிறகு பழைய கூட்டாளிகளின் தெருவைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டவரைப் பற்றி எந்த ஏட்டிலும் குறிப்பு இருப்பதில்லை.

இந்திய நிலவரத்தைக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டவர்களில் 14.6 சதவீதத்தினர், ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள் என்றது அது. மதுவுக்கு அடிமையான நிலையில் இருப்பவர்கள் சுமார் 2.9 கோடி. அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு வகைச் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். கஞ்சா, ஹெராயின் போன்ற சட்டவிரோதப் போதைகளுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவர். சிகிச்சை இவ்வளவு குறைவாக எட்டும் நாட்டில், மீண்டவர்கள் பெரும்பாலும் அதன் வாசலை மிதிக்காமல் மீண்டவர்களாகவே இருக்க முடியும்.

சிகிச்சை எட்டாததற்கான காரணங்கள் தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் கண்கூடு. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 15 லட்சம் பேர்; ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் கிராமங்களில் வாழ்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் தருமபுரி நகரில் தொடங்கியது. சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ மனநல மருத்துவரைப் பார்க்க ஒருவர் அங்கே வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். தனியார் மறுவாழ்வு இல்லம் என்றால் மாதக்கணக்கில் வேலையும் போகும், கடனும் ஏறும். ஊருக்குத் தெரிந்தால் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு வரன் தள்ளிப்போகும் என்ற அச்சம் வேறு. கஞ்சாவோ போதை மாத்திரையோ பழகியவருக்கு மருத்துவமனை என்றாலே போலீஸ் நினைவுதான் வரும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ வழக்கைச் சந்திக்கும் அடிமையானவர், தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது அது. அந்தப் பாதுகாப்பு ஊர்களை எட்டவில்லை. எனவே மீள்வதற்கான போராட்டம் வீட்டிலும் வயலிலும் கட்டட வேலைத்தளத்திலுமே நடக்கிறது.

உலக அளவில் இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் வினிக். ஹெராயின் பழகியவர்களின் அரசுப் பதிவேட்டை ஆராய்ந்த அவர், முப்பது வயதைக் கடக்கும்போது ஏராளமான பெயர்கள் ஏட்டிலிருந்து மறைவதை 1962இல் எழுதினார். வயது ஏற ஏறப் பொறுப்புகள் கூடிப் பழக்கம் உதிர்ந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். 1986இல் பாட்ரிக் பியர்னாக்கி, சிகிச்சையின்றி ஹெராயினை விட்ட 101 பேரைச் சந்தித்து ஒரு நூல் எழுதினார். அவர்கள் பழக்கத்தை மட்டும் விடவில்லை. தாங்கள் யார் என்பதற்கு வேறொரு பதிலைத் தேடிக்கொண்டார்கள். தொழிலாளி, தகப்பன், பக்தர், மாணவர் என்று ஏதோ ஒன்றாக ஆனார்கள். சிகிச்சையின்றி மீள்வது அரிதல்ல என்பதைப் பின்னர் பெருந்திரளான மக்களிடம் எடுத்த கணக்குகள் உறுதிசெய்தன. 2001–02இல் 43,000 அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வில், ஒரு காலத்தில் மதுவுக்கு அடிமையாக இருந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர்தான் இன்னும் அதே நிலையில் இருந்தார்கள். வாழ்நாளில் எப்போதாவது சிகிச்சை பெற்றவர்களும் நான்கில் ஒரு பங்கினர்தான். 2017இல் வெளியான இன்னொரு தேசிய ஆய்வில், போதைச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டவர்களில் 46 சதவீதத்தினர் மருத்துவமோ உதவிக் குழுவோ எதுவுமின்றித் தீர்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள். புகையிலையை விட்டவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் விட்டவர்களே.

இந்த எண்களை வைத்து, மன உறுதி இருந்தால் யாரும் விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வருவது பெரும் பிழை. எண்கள் காட்டுவது வேறொன்றை. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் கதையில் அது தெளிவாகத் தெரியும். 1971இல் அங்கே மலிவாகக் கிடைத்த தூய ஹெராயினுக்குச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். அவர்கள் ஊர் திரும்பியபின் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்; மூன்று ஆண்டுகளில் சிறிது காலமேனும் அந்த நிலைக்குத் திரும்பியவர்கள் 12 சதவீதம். மிகச் சிலரே சிகிச்சை பெற்றிருந்தார்கள். அதே காலத்தில் அமெரிக்க நகரங்களில் சிகிச்சை பெற்றுப் பழைய தெருவுக்கே திரும்பியவர்களில் பெரும்பாலோர் மறுபடி ஹெராயினில் விழுந்தார்கள். சிப்பாய்களின் மன உறுதி மற்றவர்களுடையதைவிட மேலானது என்று எண்ண இடமில்லை. அவர்களைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது: போர், அச்சம், அலுப்பு, கையெட்டும் தூரத்தில் ஹெராயின், அதைப் பகிர்ந்த தோழர்கள் எல்லாமே ஒரே விமானப் பயணத்தில் பின்னால் போயின.

சூழல் மாறினால் பழக்கமும் தளரும் என்பதை ஒரு மாவட்டம் முழுவதும் சோதித்துப் பார்த்த நிகழ்வு இதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் நடந்தது. 1937இல் சென்னை மாகாண முதலமைச்சரான ராஜாஜி, மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தத் தேர்ந்த மாவட்டம் சேலம். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அதன் பகுதிகள். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர் ராஜாஜி. 1925இல் திருச்செங்கோட்டுப் பகுதியில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழையும் நடத்தியவர். 1937 அக்டோபர் 1ஆம் தேதி மாவட்டத்தின் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அடுத்த இரு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்களுக்கும் விலக்கு விரிந்தது. ஆயத்தீர்வை போனதால் விழுந்த பள்ளத்தை நிரப்ப, 1939இல் பொது விற்பனை வரி வந்தது.

அன்று குடிநோய்க்குச் சிகிச்சை என்ற ஒன்று தருமபுரி வட்டாரத்தில் இல்லை. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மருந்து பயனுக்கு வர இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. அமெரிக்காவில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியே இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆயினும் கூலிக்காரர்களும் நெசவாளர்களும் குடியானவர்களும் ஆயிரக்கணக்கில் நிறுத்தினார்கள். மாலையில் கடைக்குப் போன கால்களுக்கு வேறு வேலை தர வேண்டும் என்பது அன்றைய ஆட்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. பஜனை, விளையாட்டு, கூத்து, தேநீர்க்கடை ஆகியவற்றுக்கு ஊக்கம் கிடைத்தது. கள்ளுக்கடைக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியதை அந்நாளைய பொருளாதார ஆய்வுகள் பதிவு செய்தன. மறுபக்கமும் இருந்தது. காட்டோரங்களில் கள்ளச்சாராயம் காய்ச்சுவது முளைத்தது. விட முடியாத நிலையில் இருந்தவர்கள் அதைத் தேடிப் போனார்கள். அந்தத் தடம் இன்றும் அழியவில்லை. 2024 ஜூனில், தருமபுரியை ஒட்டிய கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்த மதுவிலக்கு, 1971 ஆகஸ்டில் தளர்த்தப்பட்டு, மறுபடி வந்து, 1981இல் மறுபடி போனது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 1937இன் மதுவிலக்குச் சட்டம் மட்டும் இன்றும் நடப்பில் இருக்கிறது. அரசு விற்கும் மதுவுக்கான விதிகளுக்கும் அதுவே தாய்ச்சட்டம். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். அதற்கு வெளியே உள்ள நேரத்துக்குச் ‘சந்துக்கடை’ இருக்கிறது. அரசுக் கடைப் பாட்டிலை வாங்கி வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கும் இந்த இடங்களைத் தருமபுரி, சேலம் பக்கம் அறியாதவர் இல்லை. விட நினைக்கிறவரின் வீட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே அது இருந்தால், ஒவ்வொரு நாளும் இரண்டு முறை அவர் அதைக் கடக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு இன்னொரு பாடம். மார்ச் கடைசியில் கடைகள் ஒரே நாளில் மூடின. மே மாதம்வரை திறக்கவில்லை. அந்த ஆறு வாரத்தில் பலர் குடியை மறந்தார்கள். வீடுகளில் அமைதி வந்தது. அதே வாரங்களில் பெங்களூர் மருத்துவமனைகளுக்கு, மது திடீரென நின்றதால் வலிப்பும் பிதற்றலும் கண்டவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்து சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் ஷேவிங் லோஷனையும் வார்னிஷையும் குடித்து இறந்தவர்களும் உண்டு. கடை மூடியது எல்லாருக்கும் ஒன்றுதான். உடல் எவ்வளவு பழகியிருந்தது, வீட்டில் யார் இருந்தார்கள், கையில் என்ன வேலை இருந்தது என்பவை ஆளுக்கு ஆள் வேறுபட்டன. கடை திறந்தபின் நிறுத்தம் நீடித்ததா என்பதையும் அவையே தீர்மானித்தன.

தாமாக விடுகிறவர்களின் வழி பெரும்பாலும் ஒரு கணக்குப் பார்த்தலில் தொடங்குகிறது. திடீர் ஞானத்தைவிட, நெடுநாள் சேர்ந்த கசப்பே அதன் பின்னால் இருக்கும். மஞ்சள் காமாலை வந்து படுத்தது, மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடாமல் விட்டது, மகளின் சடங்கில் போதையில் விழுந்தது, அடகு வைத்த நகை மூழ்கியது என ஒவ்வொன்றும் தட்டில் ஏறிக்கொண்டே வரும். ஒரு நாள் அந்தத் தட்டு தாழ்கிறது. குழந்தை பிறப்பது, புது வேலை, மகனின் கல்லூரிச் சேர்க்கை போன்ற நல்ல நிகழ்வுகளும் அதே வேலையைச் செய்வதுண்டு. கனடாவில் மார்க், லிண்டா சோபெல் இணையர் நடத்திய ஆய்வுகளிலும், தாமாக விட்டவர்களிடம் அடிக்கடி தென்பட்டது இந்த நன்மை தீமைக் கணக்கே.

முடிவெடுத்தபின் அதைக் காப்பாற்றும் கருவிகளை ஒவ்வொரு ஊரும் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. தருமபுரி வட்டாரத்தில் முதன்மையானது விரதமும் சத்தியமும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர் ஒரு மண்டலம் மதுவைத் தொடமாட்டார். முனியப்பன் கோயிலிலோ குலதெய்வத்தின் முன்போ கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. இதில் தெய்வ நம்பிக்கை ஒரு பங்கு; ஊர் தரும் அனுமதி இன்னொரு பங்கு. சேர்ந்து குடித்த கூட்டாளி நீட்டும் குவளையைக் காரணமில்லாமல் மறுப்பது நட்பை மறுப்பதாகிவிடும். “மாலை போட்டிருக்கேன்” என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் வற்புறுத்தமாட்டார்கள். நேற்றுவரை குடிகாரன் என்று அழைக்கப்பட்டவரை ஊரே ‘சாமி’ என்று அழைக்கிறது. விடியற்காலைக் குளியல், மாலைப் பூசை, கூட்டு பஜனை என்று பழைய நேரங்களெல்லாம் நிரம்புகின்றன. பியர்னாக்கி சொன்ன புதிய அடையாளத்தை இந்த வழக்கம் ஆளுக்கு இலவசமாகத் தருகிறது. குடியை நிறுத்தியதும் வரும் உடல் தொல்லைகளின் கடுமையான காலமும் ஒரு மண்டலத்துக்குள் கடந்துவிடும். ஆபத்து மாலையைக் கழற்றும் நாளில் இருக்கிறது. அதுவரை இருந்த தடை, அழைப்புப் பெயர், நேர ஒழுங்கு மூன்றும் அன்று ஒரேயடியாக விலகுகின்றன. அந்த மண்டலத்தில் தொடங்கிய ஏதேனும் ஒன்றை, அதிகாலை எழுதலையோ கோயில் வேலையையோ, கழற்றிய பின்னும் தொடர்கிறவர்களுக்கே அந்த விரதம் பாலமாகிறது.

இரண்டாவது கருவி விலகி இருத்தல். தருமபுரியிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போவோர் ஏராளம். சிலருக்குக் குடி பழகியது கட்டடக் கொட்டகையில், சனிக்கிழமை வாரக்கூலி வாங்கிய இரவில். அவர்கள் ஊருக்குத் திரும்பி மாடு வாங்கிக் கட்டியதும் பழக்கம் நின்றுவிடுகிறது. வேறு சிலருக்கு ஊரே பழக்கத்தின் இடம். பனியன் கம்பெனியின் நேரக் கட்டுப்பாடு அவர்களைக் காப்பாற்றுகிறது. இரண்டு திசைப் பயணமும் வேலை செய்வதற்குக் காரணம் ஒன்றே: பழக்கத்தைத் தூண்டும் ஆள், இடம், நேரம் மூன்றும் கண்ணிலிருந்து மறைகின்றன. அதனாலேயே ஆடிப்பெருக்குக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் கெடா வெட்டுக்கும் ஊர் வரும் நாள்கள் அபாயமானவை. மூன்று மாதம் நிறுத்தியவர் அந்த ஓர் இரவில் பழைய வட்டத்தில் உட்கார நேர்கிறது. விட்டவர்கள் பலர் முதல் ஆண்டுப் பண்டிகையை வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள், அல்லது மனைவி மக்களோடு வந்து இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள்.

மூன்றாவது, பணம் போகும் வழியை மாற்றுதல். கையில் காசு இருக்கும் நேரமே அபாய நேரம் என்பதால், கூலியை நேராக மனைவியிடமோ தாயிடமோ கொடுக்கச் சொல்லிவிடுவது பலர் கண்டறிந்த முறை. இந்த மாவட்டத்துக்கு இதில் தனி வரலாறு இருக்கிறது. சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் துணையோடு தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் முதலில் தொடங்கியது 1989இல், தருமபுரி மாவட்டத்தில். சேமிப்புக்காகவும் கடனுக்காகவும் உருவான அந்தக் குழுக்கள் குடியை நிறுத்துவதற்காக ஏற்பட்டவை அல்ல. ஆனாலும் வீட்டில் ஒரு பெண்ணின் பெயரில் கணக்கும் கடன் பெறும் தகுதியும் வந்ததும், குடும்பத்தின் காசு முழுவதும் குடிப்பவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டிய நிலை போனது. ஊரக வேலைத் திட்டத்தின் கூலி பெண்ணின் வங்கிக் கணக்குக்கே வருவதும் அப்படித்தான். நிறுத்த விரும்பும் ஆணுக்கு இது தோள் கொடுக்கிறது. நிறுத்த விரும்பாதவன் வீட்டிலும் பிள்ளைகளின் சோற்றைக் காக்கிறது.

ராபர்ட் கிரான்ஃபீல்டும் வில்லியம் கிளவுடும் 1999இல் முன்வைத்த ‘மீட்சி மூலதனம்’ என்ற கருத்து இங்கே பொருந்தும். அவர்கள் சந்தித்த, சிகிச்சையின்றி மீண்ட அமெரிக்கர்களில் பெரும்பாலோர் வேலை, வீடு, குடும்பம், படிப்பு உள்ள நடுத்தர வர்க்கத்தினர். இழப்பதற்கு அவர்களிடம் ஏதோ இருந்தது; திரும்பிப் போக இடம் இருந்தது. மழையை நம்பிய துண்டு நிலமும் கந்துக்கடனும் உள்ளவருக்கு அந்த மூலதனம் குறைவு. தூங்கும் இடமே மது வாடை வீசும் கொட்டகை என்றால் இன்னும் குறைவு. மனநோயும் சேர்ந்திருந்தால், வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தால், மிகவும் குறைவு. ஒரே சத்தியத்தைச் செய்த இருவரில் ஒருவர் நிற்பதும் மற்றவர் விழுவதும் அவர்களின் உறுதியைவிட இந்த இருப்பைச் சார்ந்தவை. விழுந்தவரைச் சத்தியம் மீறியவர் என்று பழிப்பதற்கு முன், அவருக்கு நிற்க என்ன இருந்தது என்று கேட்பதே நியாயம்.

தாமாக விடுவது எல்லாப் பொருள்களுக்கும் ஒரே அளவு பாதுகாப்பானதன்று. இந்தப் பகுதியை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீண்ட காலம் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கை உதறல், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்குக் காய்ச்சலோடு பிதற்றல், இல்லாததைக் காணுதல், இடமும் ஆளும் புரியாத குழப்பம் ஏற்படும். இதற்கு மருத்துவம் பார்க்காவிட்டால் உயிர் போகலாம். இதைப் பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்கக் கொண்டுபோகும் நேரத்தில்தான் பல உயிர்கள் கைநழுவுகின்றன. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், ஈரல் நோய் உள்ளவர், முதியவர், கர்ப்பிணி ஆகியோர் வீட்டிலேயே திடீரென நிறுத்தக் கூடாது. சில நாள் மருத்துவமனைப் பாதுகாப்போடு நிறுத்திவிட்டு, மீதி நெடும் பயணத்தை வீட்டில் தொடரலாம். குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையும் சரியன்று. குடிப்பவர்களுக்கு பி1 உயிர்ச்சத்தான தயமின் குறைந்திருக்கும். அதைத் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு உண்டாகலாம். தூக்க மாத்திரைகளுக்குப் பழகியவர்களுக்கும் திடீர் நிறுத்தம் வலிப்பைத் தரும். அவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. டபென்டடால் போன்ற இந்த வகை மாத்திரைகளையோ ஹெராயினையோ நிறுத்தினால் உடல்வலி, கண்ணீர், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். உடல்நிலை சரியாக உள்ளவரின் உயிருக்கு அது பெரும்பாலும் ஆபத்தில்லை. உண்மையான ஆபத்து பிறகு வருகிறது. சில வாரம் நிறுத்தியவரின் உடல் தாங்கும் ஆற்றலை இழந்துவிடும். மறுபடி பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். சிறையிலிருந்தோ மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ வெளிவந்த முதல் வாரங்களில் இறப்பு மிகுவதற்கு இதுவே காரணம். இவ்வகைப் போதைக்கு பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்து உயிரைக் காப்பதாக நிறுவப்பட்டிருக்கிறது. அதைத் தவிர்ப்பதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. கஞ்சாவை விட்டவருக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரம்வரை இருக்கும். 2013 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தும் பெட்டிக்கடைகளில் கைமாறும் ஹான்ஸ், கூல் லிப் போன்ற மெல்லும் புகையிலைக்கு முதல் மூன்று நாள்தான் கடினம். ஏக்கம் சில வாரங்களில் அடங்கும். இவை இரண்டும் வீட்டிலேயே பாதுகாப்பாக விடத்தக்கவை.

குடும்பங்கள் செய்யும் ஒரு செயல் கடுமையான எச்சரிக்கைக்குரியது. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுத்தால் குடியை மறக்கச் செய்யும் என்று விளம்பரமாகும் பொடிகளில் டைசல்ஃபிராம் கலந்திருக்கக்கூடும். அது உடலில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் நிற்கலாம். மருத்துவர் அதைத் தரும்போது நோயாளியின் சம்மதம் பெற்று, ஈரலையும் இதயத்தையும் சோதித்தே தருகிறார். அன்பினால் செய்தாலும் மறைத்துக் கொடுப்பது கொலைக்கு ஒப்பாகலாம். தெரியவந்தால், விடுவதற்கு மிகவும் தேவையான நம்பிக்கை வீட்டுக்குள்ளேயே உடைந்துவிடும்.

மறுபடி விழுவது பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அமெரிக்காவின் அதே 2017 தேசிய ஆய்வில் மீண்டவர்களைக் கேட்டபோது, அவர்களில் பாதிப்பேர் தீவிரமாக முயன்றது இரண்டு முறைக்குள்தான். சராசரியோ ஐந்தைத் தாண்டியது. பெரும்பாலோருக்குச் சில முயற்சிகள் போதும். சிலருக்குப் பல வேண்டும் என்பதே இதன் பொருள். ஒரு பண்டிகை இரவில் குடித்துவிட்டவர், எல்லாம் போயிற்று என்று எண்ணி அடுத்த நாளும் குடிப்பதுதான் சறுக்கலை வீழ்ச்சியாக்குகிறது. மறுநாள் காலை வீட்டார் பேசும் முறை இங்கே பெரிதும் முக்கியம். வசவும் அழுகையும் அவரைக் கடைக்கே அனுப்பும். “நேத்து போனது போகட்டும், இன்னைக்கு வேலைக்குக் கெளம்பு” என்று சொல்ல முடிந்த வீட்டில் கணக்கு மறுபடி தொடங்குகிறது. அப்படிச் சொல்லும் பெண்ணுக்கும் எல்லை உண்டு. அடிக்கும் கணவனைத் திருத்தும் கடமையை அவள் தலையில் ஏற்றுவது அநீதி. அவளுடைய பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும் அவன் மீட்சிக்கு முன்னால் வைக்கப்பட வேண்டியவை.

தாமாக மீள்பவர்கள் தனியாக மீள்வதில்லை என்பதே இந்தச் சான்றுகளிலிருந்து கிடைக்கும் முடிவு. அவர்களின் முயற்சிக்குப் பின்னால் மூடிய கடை, கூலியை வாங்கிக்கொள்ளும் கை, குவளையை மறுக்க ஊர் தந்த காரணம், விடியற்காலையில் கூப்பிடும் வேலை எல்லாம் நிற்கின்றன. இவை பெருகும் இடத்தில் மீள்பவர்கள் பெருகுவார்கள். அதனால் சிகிச்சை வேண்டுமா, மன உறுதி போதுமா என்ற வாதத்தைவிட, இவற்றை யார் எப்படிப் பெருக்குவது என்ற கேள்வி பயனுள்ளது. சந்துக்கடைகளை ஒழிப்பது காவல்துறையின் வேலை. குடியிருப்புக்கும் பள்ளிக்கும் அருகில் கடை வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு விடாமல் கேட்பது ஊரின் வேலை. மாலை நேரத்துக்கு நூலகம், விளையாட்டுத் திடல், கூத்து என்று மாற்று தருவது 1937இன் ஆட்சியாளர்களே அறிந்திருந்த வேலை. விட்டவருக்கு வேலை கொடுப்பதும், அவர் வீட்டோடு சம்பந்தம் பேசத் தயங்காமலிருப்பதும் சுற்றத்தின் வேலை.

தாமாக முடியாதவர்களுக்கு மருத்துவம் தோல்வியின் அடையாளம் ஆகாது. அவர்களுக்கு இல்லாத மூலதனத்தின் ஒரு பகுதியை அது ஈடுசெய்கிறது. அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலும், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும், தமிழக அரசின் 104இலும் தமிழில் பேசி வழி கேட்கலாம். குடியை நிறுத்திய சில நாளில் வலிப்போ பிதற்றலோ கண்டால் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். சிகிச்சையோடு மீண்டாலும் சிகிச்சையின்றி மீண்டாலும், அவர் திரும்பி வாழப்போவது அதே ஊரில், அதே மனிதர்களோடு. அந்த ஊர் அவருக்கு இடம் கொடுக்கும் விதமே மீட்சியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.